தண்ணீர் அறிக்கையில் ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’ என்றிருந்தால் குடிக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். தருமபுரி பக்கம் வீடு. போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தீர்கள். டிடிஎஸ் (மொத்தமாகக் கரைந்திருக்கும் திடப்பொருள்) 1040, கடினத்தன்மை 441, குளோரைடு 260, நைட்ரேட் 62, ஃபுளோரைடு 1.4, ஈயம் ‘பிடிஎல்’, மொத்த கோலிபார்ம் (ஒரு பாக்டீரியா வகை) ‘உள்ளது’, ஈ. கோலை ‘இல்லை’ என்று வந்திருக்கிறது. ஆர்ஓ மெஷின் (மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளிச் சுத்திகரிப்பது) விற்க வந்தவர் மீட்டரைத் தண்ணீரில் விட்டு, “டிடிஎஸ் ஆயிரத்துக்கு மேல, இது விஷம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் மாமனாரோ, “டிடிஎஸ் ரெண்டாயிரம் வரைக்கும் அனுமதின்னு ரிப்போர்ட்டுலயே போட்டிருக்கு, முப்பது வருஷமா இதைத்தானே குடிக்கிறோம்” என்கிறார். வீட்டில் ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே தவறான வரியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். உங்கள் அறிக்கையில் கவலைப்பட வேண்டிய வரிகள் நைட்ரேட், கோலிபார்ம், அதற்கடுத்து ஃபுளோரைடு. டிடிஎஸ் அப்புறம்தான். பல வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அறிக்கை வாங்க வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் டிடிஎஸ் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள், பல பேர் அதோடு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள், நோயைக் கொண்டுவரக்கூடிய வரி அதற்கு நாலு வரி கீழே இருக்கும்.

முதலில் அந்த அறிக்கையின் வலப்பக்கம் உள்ள இரண்டு கட்டங்களைப் பாருங்கள். இந்தியாவில் குடிநீருக்கான தரம் இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐஎஸ் 10500, இப்போது நடப்பில் இருப்பது 2012-ல் திருத்தி வெளியிட்டது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ‘ஏற்கத்தக்க அளவு’. இன்னொன்றைத்தான் எல்லோரும் ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள், ஆனால் அந்தக் கட்டத்தின் முழுத் தலைப்பு ‘வேறு நீராதாரம் இல்லாத நிலையில் அனுமதிக்கப்படும் அளவு’. அந்த முதல் நாலு சொற்களைப் பல கூடங்கள் இடம் போதாமல் விட்டுவிடுகின்றன, எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏற்கத்தக்க அளவைத் தாண்டினாலே அந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல என்றுதான் தர ஆவணம் சொல்கிறது. வேறு வழியே இல்லாத ஊரில், இரண்டாவது எண் வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம், அதையும் தாண்டினால் அந்த ஆதாரத்தையே கைவிட வேண்டும். டிடிஎஸ்ஸுக்கு இந்த இரண்டு எண்களும் 500, 2000. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1000. ஃபுளோரைடுக்கு 1.0, 1.5. எல்லாமே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, அதையே பிபிஎம் என்றும் எழுதுவார்கள், குடிநீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் வீட்டைப் பற்றிய ஒரு முக்கியமான கேள்வி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதா? இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு வேறு நீராதாரம் இருக்கிறது. இரண்டாவது கட்டம் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீரை முதல் கட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. சில பொருள்களுக்கு இரண்டாவது கட்டத்தில் எண்ணே இருக்காது, ‘தளர்வு இல்லை’ என்று போட்டிருக்கும். நைட்ரேட் 45, தளர்வு இல்லை. ஈயம் 0.01, தளர்வு இல்லை. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டாலும்கூட இதில் விட்டுக்கொடுக்க முடியாது என்று அர்த்தம். அறிக்கை கையில் கிடைத்ததும் இந்த இரண்டு சொற்கள் எந்தெந்த வரியில் இருக்கின்றன என்று முதலில் தேடுங்கள், டிடிஎஸ்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நைட்ரேட் 62.

நைட்ரேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், குழந்தை இருக்கிற வீடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, நாக்கில் வைத்தால் தெரியாது. கைக்குழந்தையின் வயிற்றுக்குள் போனால் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாத வேறொரு வடிவமாக மாற்றிவிடும். உதடும் நகமும் நீலம் பாயும். 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்த குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்ததை ஒரு மருத்துவர் பதிவு செய்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. பெரியவர்களுக்கு இந்த அளவில் இப்படி ஆவதில்லை. அதனால்தான் உங்கள் மாமனார் முப்பது வருடம் குடித்து நன்றாக இருக்கிறார் என்பதும் உண்மை, இந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக் கூடாது என்பதும் உண்மை. இரண்டுக்கும் சண்டை இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, இதில் படித்தவர்களே விழுவார்கள். நைட்ரேட்டை இரண்டு விதமாக எழுதலாம்: நைட்ரேட் என்ற முழு மூலக்கூறாகக் கணக்கிட்டு, அல்லது அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு. முதலாவது இரண்டாவதைப்போல 4.43 மடங்கு. அமெரிக்க வரம்பு 10 என்று இணையத்தில் பார்த்துவிட்டு, நம் நாட்டில் 45 வரை விடுகிறார்களே, நம் உயிருக்கு மதிப்பு அவ்வளவுதானா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்த 10 நைட்ரஜனாக, இந்த 45 நைட்ரேட்டாக. கிட்டத்தட்ட ஒரே அளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50, அதுவும் நைட்ரேட்டாக. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பம் இரண்டு தாள்களோடு வந்தது. போன வருடம் ஓரிடத்தில் பார்த்தபோது 9, இந்த வருடம் எங்களிடம் பார்த்தால் 40, பக்கத்துத் தோட்டக்காரர் உரம் போட்டுத்தான் தண்ணீர் கெட்டுவிட்டது, பஞ்சாயத்தில் வைத்திருக்கிறோம் என்றார்கள். 9-ஐ 4.43-ஆல் பெருக்கிக் காட்டினேன். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. பழைய தாளில் ‘நைட்ரஜனாக’ என்ற ஒரு சொல் பொடி எழுத்தில் இருந்ததை யாரும் படிக்கவில்லை. உங்கள் அறிக்கையில் ‘நைட்ரேட்டாக’ என்றே தெளிவாக இருக்கிறது, 62 என்பது 62-தான்.

அடுத்தது கோலிபார்ம். மொத்த கோலிபார்ம் என்பது ஒரு பெரிய குடும்பம், மண்ணிலும் இலைதழையிலும் இருப்பவையும் அதில் சேர்த்தி. அவை இருந்தாலே நோய் என்றில்லை, ஆனால் ஆழத்திலிருந்து வரும் போர்வெல் தண்ணீரில் அவை இருக்கக் காரணமில்லை, எங்கோ மேல்தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. அந்தக் குடும்பத்தில் குடலில் வாழும் ஈ. கோலை இருந்தால் மலக்கழிவு கலக்கிறது என்றே அர்த்தம். தரம் கேட்பது, எந்த 100 மி.லி. மாதிரியிலும் இரண்டுமே தென்படக் கூடாது என்று. உங்களுக்கு ஈ. கோலை இல்லை என்பது நிம்மதி, ஆனால் அது ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு பாட்டிலில் எடுத்த தண்ணீர். மழைக்குப் பிறகு எடுத்தால் வேறு மாதிரி வரலாம். அத்தோடு, கோலிபார்மும் நைட்ரேட்டும் சேர்ந்தே வந்திருப்பதைப் பாருங்கள். தனித்தனியாக வந்தால் வேறு காரணங்களும் இருக்கலாம், சேர்ந்து வந்தால் நான் முதலில் கேட்பது செப்டிக் டேங்க் எங்கே, மாட்டுத் தொழுவம் எங்கே, சாணக் குப்பை எங்கே கொட்டுகிறீர்கள் என்றுதான். போர்வெல்லைச் சுற்றி சிமெண்ட் மேடை இருக்கிறதா, கேசிங் பைப் (துளைக்குள் இறக்கிய வெளிக்குழாய்) தரைமட்டத்துக்கு மேலே நீண்டிருக்கிறதா, பைப்பைச் சுற்றி மண் இறங்கிக் குழி விழுந்திருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

மாதிரி எப்படி எடுத்தீர்கள் என்பதையும் யோசியுங்கள். கிருமிப் பரிசோதனைக்குக் கூடம் கொடுக்கும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், குழாய் வாயைச் சுட்டுவிட்டு, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து, அதே நாளில் கொண்டுபோக வேண்டும். ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்து வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அதில் கோலிபார்ம் வந்தால் குற்றம் தண்ணீர்மேலா பாட்டில்மேலா என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் அந்த ஒரு சோதனையை மட்டும் திரும்பச் செய்யுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் உண்டு, கட்டணம் கட்டிப் பொதுமக்களும் கொடுக்கலாம்.

ஃபுளோரைடு 1.4. மாமனார் சொல்லும் இரண்டாவது கட்டத்தின்படி 1.5-க்குள்தான் இருக்கிறது. ஆனால் தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்லி ஃபுளோரைடு தெரிய வேண்டியதில்லை. பல்லில் காவி ஏறிய பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த மாவட்டம், முதுகும் மூட்டும் விறைத்துப்போன பெரியவர்களைப் பார்த்த மாவட்டம். பாறையிலேயே இருப்பது கரைந்து வருகிறது, யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை. ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்பு) தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள், காவிரித் தண்ணீர் 2013-லிருந்து தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வருவதே இதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்கிறது, நாம் மட்டும் ஏன் முதல் கட்டத்தில் 1.0 என்று இறக்கி வைத்திருக்கிறோம் என்றால், அந்த நிறுவனமே சொல்கிறது, மக்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதைப் பார்த்து அந்தந்த நாடு முடிவு செய்யட்டும் என்று.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தரத்தில் உள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இதில் தெரியும். உலக சுகாதார நிறுவனம் பெரும்பாலான வேதிப்பொருள்களுக்குக் கணக்குப் போடும்போது 60 கிலோ எடையுள்ள ஒரு பெரியவர் நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் குடிப்பார் என்று வைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் கரும்புக்காட்டில் நிற்கிறவர் 2 லிட்டரில் நிறுத்துவாரா? நாலு, ஐந்து லிட்டர் போகும். உள்ளே போகும் ஃபுளோரைடும் அதே கணக்கில் ஏறும். 1.4 என்பது அலுவலக அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, உழவருக்கு வேறொன்று. பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

எல்லா எண்களும் உடல்நலத்தை மட்டும் பார்த்து வைத்தவையும் அல்ல. ஈயத்துக்கு இதற்குக் கீழே பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே கிடையாது, 0.01 என்பது நடைமுறையில் எட்டக்கூடியது என்பதால் வைத்தது. அமெரிக்கர்கள் இதை வெளிப்படையாகவே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: உடல்நலத்தை மட்டும் பார்த்தால் எவ்வளவு இருக்கலாம் என்ற இலக்கு ஒன்று, செலவையும் தொழில்நுட்பத்தையும் பார்த்துச் சட்டம் கட்டாயப்படுத்தும் வரம்பு இன்னொன்று. ஆர்செனிக்குக்கு அவர்கள் இலக்கு பூஜ்யம், வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த வரம்பே 50-ஆக இருந்து 2001-ல்தான் 10-ஆகக் குறைக்கப்பட்டது, 2006-ல் நடைமுறைக்கு வந்தது. பொருள் மாறவில்லை, அதைப் பற்றித் தெரிந்தது மாறியது. அதனால் ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்பதற்கு ஆபத்தே இல்லை என்று பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘மாசு’ என்ற சொல்லும் அப்படித்தான். தரங்களின் மொழியில் தண்ணீரைத் தவிர தண்ணீரில் இருக்கும் எதுவும் மாசுதான், அமெரிக்கச் சட்டத்தின் விளக்கம் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. கால்சியமும் அந்தப் பட்டியலில் வரும். ‘உங்கள் தண்ணீரில் இத்தனை மாசுகள்’ என்று விளம்பரம் பயமுறுத்தினால், எது, எவ்வளவு, எந்த அலகில் என்று கேளுங்கள்.

சரி, ‘பிடிஎல்’ என்றால் என்ன? கண்டறியும் அளவுக்குக் கீழே என்று அர்த்தம். அந்தக் கருவியால் பார்க்க முடிந்த மிகச் சிறிய அளவுக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான், அது பூஜ்யம் என்று சொல்லவில்லை. ஈயத்தின் வரம்பு 0.01. கூடத்தின் கருவியால் 0.05 வரைதான் பார்க்க முடியும் என்றால், அங்கே பிடிஎல் என்று எழுதித்தந்த தண்ணீரில் வரம்பைப்போல நாலு மடங்கு ஈயம் இருந்தாலும் தெரியாது. உங்களைப் பரிசோதித்த கூடத்துக்கு ஃபோன் போட்டு, ஈயத்துக்கு உங்கள் கண்டறியும் அளவு எவ்வளவு என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல கூடம் தயங்காமல் சொல்லும், சிலர் அறிக்கையிலேயே போட்டுவிடுவார்கள்.

இப்போது டிடிஎஸ். மொத்தமாகக் கரைந்திருக்கும் திடப்பொருள். விற்பனையாளர் கொண்டுவந்த பேனா மாதிரியான மீட்டர் எந்தத் திடப்பொருளையும் எடை போடவில்லை, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கால்சியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் 1040. உப்புக் கரிக்கும், பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது, குண்டானில் வெள்ளையாகப் படியும். இது சுவைக்கும் பாத்திரத்துக்கும் உள்ள பிரச்சினை. விஷம் என்பது பொய். மறுபக்கம், டிடிஎஸ் 150 காட்டும் தண்ணீரில் கிருமி நிறைய இருக்கலாம், ஈயம் இருக்கலாம், அந்த மீட்டருக்கு எதுவும் தெரியாது. உங்கள் நைட்ரேட் 62 அந்த ஆயிரத்து நாற்பதில் ஒரு ஓரத்தில் ஒளிந்திருக்கிறது. கடினத்தன்மை 441-ஐயும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். (அறிக்கையை நம்பலாமா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு: கால்சியத்தை 2.5-ஆலும் மெக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கடினத்தன்மை வர வேண்டும். உங்களுடையதில் கால்சியம் 96, மெக்னீசியம் 49, கூட்டினால் 441. உங்கள் கூடம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.) குளோரைடு 260, சுவை வரம்பைத் துளி தாண்டியிருக்கிறது, விடுங்கள்.

ஆக, என்ன செய்வது? குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிறது என்றால் ஆறு மாதம் முடியும்வரை தனியாகத் தண்ணீரே தேவையில்லை. பால்மாவு என்றால் போர்வெல் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள், இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினாலும் தகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட்டும் ஃபுளோரைடும் சாகாது, தண்ணீர் ஆவியாகிப் போகப் போக இவை இன்னும் அடர்த்தியாகும். ஒகேனக்கல் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து, கொதிக்க வைத்து ஆற்றி அதைக் கொடுங்கள். அந்தத் தண்ணீரையும் ஒருமுறை நைட்ரேட்டுக்குப் பரிசோதித்துவிடுங்கள், சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர்வெல் தண்ணீரையும் கலந்து விடுவது உண்டு.

வீட்டுக்கு மெஷின் வாங்குவதென்றால், யுவி (புற ஊதாக் கதிர்) மட்டும் உள்ளது உங்களுக்கு உதவாது, கிருமியைக் கொல்லும், மற்றது அப்படியே இருக்கும். கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னரும் நைட்ரேட்டையோ ஃபுளோரைடையோ எடுக்காது, குளிக்க, துவைக்க நல்லது. ஆர்ஓ இவை இரண்டையும் குறைக்கும், உங்கள் வீட்டில் அது நியாயமான செலவுதான், விற்பனையாளர் சொன்ன காரணத்துக்காக இல்லை என்றாலும். ஆனால் அதில் டிடிஎஸ் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு இருக்கும். பல மெஷின்களில் அது செய்வது, ஆர்ஓ செய்யாத தண்ணீரில் கொஞ்சத்தைச் சுத்தமான தண்ணீரோடு திரும்பக் கலப்பது. ‘ருசிக்காக’ ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் நைட்ரேட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு திரும்ப வரும். பொருத்த வருகிறவரிடம் அதை முழுக்க மூடச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு வெளிவரும் தண்ணீரை மீட்டரால் பார்த்துவிட்டு நிறுத்திவிடாமல், கூடத்தில் கொடுத்து நைட்ரேட், ஃபுளோரைடு இரண்டை மட்டும் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள், மெம்பிரேன் என்ற அந்தச் சவ்வு பழசாகும்போது முதலில் நழுவுபவற்றில் நைட்ரேட்டும் ஒன்று.

போர்வெல்லைச் சுற்றியிருக்கும் ஓட்டையை அடைத்து, ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுக் குளோரின் வாசனை போகும்வரை தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கோலிபார்ம் திரும்பப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு இன்னொரு முறை. இரண்டு முறையும் ‘இல்லை’ என்று வந்தால் எனக்கு எழுதுங்கள், நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்பதை அப்புறம் செப்டிக் டேங்க் இருக்கும் இடத்தையும் ஆழத்தையும் வைத்துப் பார்க்கலாம்.